வெளியில் கற்கும் மழலைகள்: கவனிப்பதும் மதிப்பிடுவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று முதல் ஆறு வயதுவரையுள்ள குழந்தைகளோடு வேலை செய்கிறவள் நான். வகுப்பறையை விட்டு வெளியே வந்து, மண்ணையும் தண்ணீரையும் இலையையும் கையால் தொட்டு, கொட்டிக் கவிழ்த்துக் கற்கும் முறை பற்றிப் பேச்சு வந்தால் ஆசிரியர்களும் பெற்றோர்களும் பலவற்றைக் கேட்பார்கள். பாதுகாப்பு, வெயில், அழுக்கு என்று எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள்: "சரி, கற்றுக்கொண்டது என்று எப்படித் தெரியும்?" இந்தப் பக்கத்தில் அந்தக் கேள்விக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

வெளியே விளையாட விடுவதும் வெளியே கற்பதும் ஒன்றுதானா?

குழந்தைக்கு ஒன்றுதான். வேறுபாடு பெரியவர்களிடம் இருக்கிறது. குழந்தைகளை வெளியே விட்டுவிட்டு ஓரமாக நின்று சண்டை வராமல் பார்த்துக்கொண்டால் அது இடைவேளை. இடைவேளையும் வேண்டும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் எந்தப் பொருளை எங்கே வைப்பது என்று முந்தின நாளே யோசித்து வைத்து, யார் எதைத் தொடுகிறார்கள், எங்கே திணறுகிறார்கள் என்று கவனித்து, அதைப் பார்த்து மறுநாள் ஏற்பாட்டை மாற்றினால் அது பாடவேளை. கரும்பலகை இல்லை, அவ்வளவுதான்.

இது புதிதாக வந்த மோகமா?

இல்லை. மழலையர் கல்வியே தோட்டத்தில்தான் பிறந்தது. ஜெர்மனியில் பிரீட்ரிக் ஃபிரோபெல் 1837-ல் சிறு குழந்தைகளுக்காக ஒரு நிலையம் தொடங்கினார். 1840-ல் அதற்கு அவர் வைத்த பெயர்தான் கிண்டர்கார்டன், அதாவது குழந்தைகளின் தோட்டம். அது வெறும் உவமை இல்லை. குழந்தைகளுக்கென்று தனித்தனிப் பாத்தியும், எல்லோருக்கும் பொதுவான பாத்தியும் இருக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். லண்டனில் டெப்ட்ஃபோர்டு என்ற ஏழை மக்கள் பகுதியில் மெக்மில்லன் சகோதரிகள் 1914-ல் திறந்தவெளி மழலையர் பள்ளி நடத்தினார்கள். இருட்டு வீடுகளில் நோயோடு வளர்ந்த குழந்தைகளுக்கு வெளிச்சமும் காற்றும் தோட்டமும்தான் முதல் தேவை என்பது அவர்கள் முடிவு. 1950-களின் தொடக்கத்தில் டென்மார்க்கில் ஃபிளாடாவ் என்ற பெண்மணி தன் குழந்தைகளோடு அக்கம்பக்கத்துக் குழந்தைகளையும் காட்டுக்குள் கூட்டிப்போகத் தொடங்க, அதிலிருந்து காட்டு மழலையர் பள்ளிகள் கிளைத்தன. நாற்காலியில் உட்கார்த்தி ஏட்டில் எழுத வைப்பதுதான் இடையில் வந்து சேர்ந்த பழக்கம்.

எந்த வயதில் தொடங்கலாம்? ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

தவழும் குழந்தையையும் வெளியே கொண்டுவரலாம். புல்லில் கை பட்டு அது திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டு, அப்புறம் தானே மறுபடி நீட்டுவதும் கற்றல்தான்.

நேரத்துக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகள் நாள் முழுவதிலும் சேர்த்துக் குறைந்தது 180 நிமிடங்கள் உடலசைவோடு இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. மூன்று, நான்கு வயதினருக்கு அதில் 60 நிமிடங்களாவது மூச்சு வாங்கும்படியான ஓட்டமும் குதிப்பும் இருக்க வேண்டும். நான்கு சுவருக்குள் இதை எட்டுவது கடினம். கண்ணுக்கும் பலன் உண்டு. சீனாவின் குவாங்சௌ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வு 2015-ல் வெளிவந்தது. முதல் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குத் தினமும் 40 நிமிட வெளிப்புற வகுப்பு கூடுதலாகக் கொடுத்தார்கள். மூன்று வருடத்தில் அவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வழக்கம்போல் படித்தவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு.

நடைமுறையில் நான் சொல்வது: ஒரே இருப்பாக முக்கால் மணி நேரத்துக்குக் குறைய வேண்டாம். முதல் பத்துப் பதினைந்து நிமிடம் குழந்தைகள் ஓடித் தீர்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் ஒரு வேலையில் குனிந்து உட்காருவார்கள். இருபது நிமிடத்தில் மணி அடித்துவிட்டால், வேலை தொடங்கும் நேரத்தில் உள்ளே கூப்பிடுகிறோம் என்று அர்த்தம்.

என்ன பொருள்கள் வாங்க வேண்டும்?

வாங்குவதைவிடச் சேர்ப்பது அதிகம். மணல், தண்ணீர், குவளைகள், வாளி, புனல், பலகைத் துண்டு, கயிறு, பழைய துணி, கற்கள், விதைகள், சுள்ளிகள், குழாய்த் துண்டுகள், ஒரு பூதக்கண்ணாடி. சைமன் நிக்கல்சன் என்பவர் 1971-ல் எழுதிய ஒரு கட்டுரை இப்போதும் இந்தத் துறையில் பேசப்படுகிறது. ஓர் இடத்தில் நகர்த்தவும் அடுக்கவும் பிரிக்கவும் கூடிய உதிரிப் பொருள்கள் எவ்வளவு இருக்கின்றனவோ, அவ்வளவுக்கு அங்கே புதிதாகச் செய்து பார்க்கும் வாய்ப்பு என்பது அவர் வாதம். சறுக்குமரம் நல்லதுதான். ஆனால் அதில் ஏறுவார்கள், சறுக்குவார்கள், மறுபடி ஏறுவார்கள். ஒரு பலகையும் நாலு செங்கல்லும் கிடைத்தால் அது பாலமாகும், கடையாகும், சறுக்குப் பாதையாகும், கப்பலாகும்.

கணக்கும் மொழியும் வெளியில் எப்படி வரும்?

தானாக வராது. ஆனால் வருவதற்கான சந்தர்ப்பம் உள்ளே இருப்பதைவிட அதிகம்.

எண்ணுவதையே எடுத்துக்கொள்வோம். "ஒன்று முதல் இருபதுவரை சொல்லுவான்" என்று பெருமையோடு சொல்வார்கள். சொல்வது பாட்டு, எண்ணுவது வேறு. எண்ணுவதற்கு ஒரு பொருளுக்கு ஓர் எண் என்று பொருத்த வேண்டும், வரிசை மாறாமல் சொல்ல வேண்டும், கடைசியில் சொன்ன எண்தான் மொத்தம் என்று தெரிய வேண்டும். எந்தப் பொருளானாலும் எண்ணலாம், எங்கிருந்து தொடங்கினாலும் தொகை மாறாது என்பதும் பிடிபட வேண்டும். ரோச்செல் கெல்மன், காலிஸ்டல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978-ல் இந்த ஐந்தையும் பிரித்துக் காட்டினார்கள். காகிதத்தில் அச்சிட்ட ஏழு ஆப்பிள் படம் அசையாது, வரிசையாக நிற்கும். குழந்தைக்கு எது தெரியவில்லை என்று அதில் வெளிப்படாது. தரையில் சிதறிக் கிடக்கும் ஏழு கூழாங்கற்களை எண்ணச் சொல்லுங்கள். ஒரே கல்லை இரண்டு தடவை தொடுவாள், அல்லது ஒன்றைத் தாண்டிவிடுவாள். சரியாக ஏழு என்று முடித்த பிறகு "அப்போ மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தால், கடைசி எண்தான் தொகை என்பது அவளுக்கு இன்னும் நிலைக்கவில்லை. எண்ணிய கல்லை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே போகிற குழந்தை, தவறு வராமலிருக்கத் தானே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டது. இதை எந்த ஒர்க்‌ஷீட்டும் எனக்குக் காட்டியதில்லை.

மொழியும் இப்படித்தான். "வழுவழு, சொரசொர" என்று படம் காட்டிச் சொல்லிக் கொடுத்தால் இரண்டு சொல் வரும். இரண்டு மரத்தின் பட்டையையும் தடவிப் பார்த்தவர்களிடம் சொல் தீர்ந்துபோய் அவர்களே புதிது செய்வார்கள். ஒரு குழந்தை ஒரு பட்டையைத் தடவிவிட்டு "இது தாத்தா கை மாதிரி" என்றது. அன்றைய குறிப்பில் அதை அப்படியே எழுதி வைத்தேன்.

அப்படியானால் ஆசிரியரின் வேலை என்ன?

பேசாமலிருக்கக் கற்றுக்கொள்வதுதான் முதல் வேலை. சொல்லச் சுலபம், செய்வது கஷ்டம். அமெரிக்காவில் மேரி பட் ரோ 1970-களில் தொடக்கப்பள்ளி அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். மூன்று வினாடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மழலைகளுக்கு நான் மனதுக்குள் பத்துவரை எண்ணுவேன்.

இரண்டாவது, கேள்வியை மாற்றுவது. "இது என்ன நிறம்?" என்பதற்குப் பதில் நமக்கு முன்பே தெரியும்; அது நமக்குத் தெரியும் என்பது குழந்தைக்கும் தெரியும். "தண்ணி எங்கே போச்சு?" என்று கேளுங்கள். குழந்தை என்ன சொல்லப்போகிறது என்று உண்மையாகவே உங்களுக்குத் தெரியாத கேள்வியாக இருக்கட்டும்.

மூன்றாவது, எப்போது கை கொடுப்பது என்று அறிவது. தனியாக முடியாததைச் சிறு உதவியோடு செய்ய முடிகிற அந்த இடைவெளியில்தான் கற்றல் நடக்கிறது என்றார் ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி. முடிச்சை நாமே போட்டுக் கொடுத்தால் முடிச்சுதான் கிடைக்கும். கயிற்றின் ஒரு முனையை மட்டும் பிடித்துக்கொண்டால் குழந்தை முடிச்சுப் போடக் கற்கும்.

விழுந்து அடிபட்டால் யார் பொறுப்பு?

பொறுப்பு பெரியவர்களுடையதுதான், அதில் சந்தேகமே வேண்டாம். அதனால்தான் ஆபத்தையும் சவாலையும் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். குழந்தை தன் கண்ணால் பார்த்து, அளந்து, ஏறலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கக்கூடியது சவால். அதன் கண்ணுக்குத் தெரியாதது ஆபத்து: உளுத்த கிளை, புல்லில் கிடக்கும் கண்ணாடித் துண்டு, துருப்பிடித்த ஆணி, நச்சுச் செடி, மூடாத தொட்டி. ஆபத்தைக் குழந்தைகள் வரும் முன்பே நடந்து பார்த்து அகற்ற வேண்டும், தினமும். தண்ணீர் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சில அங்குலத் தண்ணீரிலும் சிறு குழந்தை மூழ்கிவிடும். தண்ணீர் விளையாட்டு நடக்கும்போது அதையே பார்த்துக்கொண்டு ஒரு பெரியவர் நிற்க வேண்டும், முடிந்ததும் தொட்டியைக் கவிழ்த்துவிட வேண்டும்.

சவாலை அகற்றாதீர்கள். நார்வே ஆய்வாளர் எல்லன் சாண்ட்செட்டர் குழந்தைகள் தேடிப்போகும் சாகச விளையாட்டை 2007-ல் வகைப்படுத்தினார்: உயரம், வேகம், கருவிகள், நெருப்பு அல்லது தண்ணீரின் அருகாமை, கட்டிப்புரளும் சண்டை, பெரியவர் கண்ணில் படாமல் மறைந்துபோதல். இந்த ஆறையும் எந்தக் குழந்தையிடமும் பார்க்கலாம்.

மரத்தில் ஏறும் குழந்தையைப் பார்த்து "பார்த்து, பார்த்து!" என்று கத்துவதை நான் நிறுத்திவிட்டேன். எதைப் பார்ப்பது என்று அதற்குத் தெரியாது, பயம் மட்டும் தொற்றும். "உன் இடது காலுக்குக் கீழே ஒரு கிளை இருக்கு, பலமா இருக்கான்னு மிதிச்சுப் பாரு" என்றால் அது தகவல்.

இந்த வயதில் மதிப்பீடு எதற்கு? தேர்வு வைப்பீர்களா?

தேர்வு வைக்கமாட்டேன். மதிப்பெண், தரவரிசை எதுவும் இல்லை. மூன்று வயதுக் குழந்தை இன்று காட்டுவதை நாளை காட்டாது. பசி, தூக்கம், புது முகம் எல்லாம் விடையை மாற்றும். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு மேஜையில் வைத்துக் கேட்ட பத்துக் கேள்வியை வைத்து அதன் அறிவை அளந்தேன் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் மதிப்பீடே வேண்டாம் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கவனிக்காமல் விட்டால், அடுத்து என்ன கொடுப்பது என்று தெரியாமல் எல்லோருக்கும் ஒன்றையே கொடுப்போம். உதவி தேவைப்படும் குழந்தையைத் தாமதமாகக் கண்டுபிடிப்போம். இந்த வயதில் மதிப்பீடு என்பது குழந்தை செய்வதைச் செய்யும் இடத்திலேயே பார்த்து, எழுதி, அதே குழந்தையின் போன மாதத்தோடு ஒப்பிடுவது. பக்கத்துக் குழந்தையோடு ஒப்பிடுவது அல்ல.

சரி, குறிப்பு எப்படி எழுதுவது?

பயிற்சிக்கு வரும் ஆசிரியைகளிடம் நான் அதிக நேரம் செலவிடுவது இதில்தான். நாலரை வயதுப் பெண் குழந்தை ஒருத்தி மணல் குழியில் செய்ததைப் பற்றி ஒரே நாளில் எழுதிய இரண்டு குறிப்புகளைக் காட்டுகிறேன். முதலாவது:

"இன்று மண்ணில் நன்றாக விளையாடினாள். தண்ணீர் பற்றிய புரிதல் வளர்ந்துள்ளது. மிகவும் மகிழ்ச்சியாக இருந்தாள்."

இதை எந்தக் குழந்தைக்கும் எழுதலாம். இரண்டாவது:

"காலை 10.20. மணலில் விரலால் நீளமாகக் கால்வாய் தோண்டினாள். குவளைத் தண்ணீரை மேல்முனையில் ஊற்றினாள். பாதி தூரம் போய் மறைந்தது. 'மண்ணு குடிச்சிடுது' என்றாள். இன்னும் இரண்டு குவளை ஊற்றினாள், அதேதான். எழுந்து போய் அகலமான இலைகள் ஐந்து கொண்டுவந்து கால்வாயில் பரப்பினாள். தண்ணீர் முதல் இலையில் ஓடி, இரண்டாவதன் அடியில் புகுந்து மண்ணில் இறங்கியது. குனிந்து சேர்மானத்தைப் பார்த்தாள். கீழ்ப்பக்கத்து இலையின் ஓரம் மேலே கிடந்தது. அதைத் தூக்கி, மேல்பக்கத்து இலையின் ஓரத்துக்கு அடியில் செருகினாள். ஊற்றினாள். ஓடியது. மற்ற சேர்மானங்களையும் யாரும் சொல்லாமல் அதேபோல் மாற்றினாள். 10.45-க்குத் தோழியைக் கூப்பிட்டு, 'இது மேல இருக்கணும், அது கீழ இருக்கணும்' என்று காட்டினாள்."

கூரை ஓடு வேய்பவரின் அறிவு அது. மேலிருக்கும் ஓடு கீழிருப்பதன் மேல் படிய வேண்டும் என்பதை அவள் தானே கண்டுபிடித்தாள். 25 நிமிடம் ஒரே வேலையில் இருந்திருக்கிறாள், மூன்று தடவை தோற்றும் விடவில்லை, ஒன்றில் கண்டதை மற்றவற்றுக்குப் பொருத்தினாள், இன்னொருத்திக்குச் சொல்லிக் கொடுத்தாள். இதில் ஒன்றாவது முதல் குறிப்பில் இருக்கிறதா?

எழுதும்போது மூன்று பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் கண்டதும் கேட்டதும், குழந்தையின் சொல்லைத் திருத்தாமல். பிறகு ஒரு கோடு போட்டுக் கீழே, இதிலிருந்து எனக்கு என்ன தோன்றுகிறது என்பது. கடைசியாக, நாளை என்ன வைக்கப்போகிறேன் என்பது. இந்தக் குழந்தைக்கு மறுநாள் நீளவாக்கில் பிளந்த குழாய்த் துண்டுகளும் இரண்டு செங்கல்லும் வைத்தோம். தண்ணீரை மேட்டில் ஏற்ற முடியுமா என்று இரண்டு நாள் முயன்றாள்.

முதல் பகுதியையும் இரண்டாவதையும் கலந்துவிடாதீர்கள். "சோம்பேறி", "பிடிவாதம்", "சுறுசுறுப்பு" இவையெல்லாம் கண்ணால் கண்டவை இல்லை, நம் தீர்ப்பு. இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையனைப் பற்றித் தொடர்ந்து "கவனம் இல்லை, சுற்றித் திரிகிறான்" என்று எழுதினேன். பல வாரம் கழித்து ஒரு மூத்த ஆசிரியை, அவன் எங்கெல்லாம் போகிறான் என்று மட்டும் ஒரு வாரம் எழுதச் சொன்னார். அவன் தினமும் ஒரே ஐந்து இடத்துக்குப் போயிருந்தான். ஐந்திலும் எறும்புப் புற்று. அவனிடம் நான் இன்றும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு வகுப்பில் 25 பேர் இருக்கிறார்கள். எல்லோரையும் எப்படி எழுதுவது?

எல்லோரையும் தினமும் எழுத முடியாது, முயலவும் வேண்டாம். ஒரு நாளைக்கு மூன்று பேரை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். ஒன்பது நாளில் ஒரு சுற்று முடியும். அவர்கள் தவிர, எதிர்பாராமல் ஏதாவது நடந்தால் அதையும் இரண்டு வரி. சட்டைப்பையில் சின்ன நோட்டும் பென்சிலும் போதும். முழு வாக்கியம் தேவையில்லை, "இலை – மேல்/கீழ் – 3 தடவை" என்று கிறுக்கிக்கொண்டு, குழந்தைகள் போன பிறகு விரித்து எழுதுங்கள். அன்றே எழுத வேண்டும். மறுநாள் ஆனால் நினைவு கதை கட்டும்.

மாதத்துக்கு ஒருமுறை எல்லாப் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி, யாருக்கு எத்தனை குறிப்பு என்று எண்ணிப் பாருங்கள். சத்தம் போடுகிறவர்களுக்கும் கெட்டிக்காரர்களுக்கும் நிறைய இருக்கும். தொந்தரவு தராமல், தனித்துத் தெரியாமல் நடுவில் இருக்கும் நாலைந்து பேருக்கு ஒன்றுகூட இருக்காது. அடுத்த வாரம் அவர்களிடமிருந்து தொடங்குங்கள்.

போட்டோவும் வீடியோவும் எடுத்தால் போதாதா?

உதவும், ஆனால் போதாது. போட்டோவில் இலை தெரியும், முதல் மூன்று தோல்வி தெரியாது. இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகரத்து மழலையர் பள்ளிகள் படமும் குழந்தைகள் பேசியதும் ஆசிரியர் எழுதியதும் சேர்த்துச் சுவரில் ஆவணமாக வைப்பதற்குப் பேர்போனவை. அங்கே படம் தனியாக நிற்பதில்லை, பக்கத்தில் குழந்தையின் பேச்சு இருக்கும். எடுக்கிறதாக இருந்தால் முகத்தை விடுங்கள், கையை எடுங்கள். கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் குழந்தை வேலையை விட்டுவிட்டது. பெற்றோரிடம் முன்பே அனுமதி வாங்குங்கள். வாட்ஸ்அப் குழுவில் மற்றவர் குழந்தை தெரியும் படத்தைப் போடாதீர்கள்.

செக்லிஸ்ட் தவறா?

தவறில்லை. ஆனால் அதை நினைவூட்டலாக வைத்துக்கொள்ளுங்கள். "ஒற்றைக் காலில் நிற்கிறாள்: ஆம்/இல்லை" என்பதைவிட, எங்கே, எத்தனை வினாடி, கையை விரித்தா என்று ஒரு வரி சேர்த்தால்தான் மூன்று மாதம் கழித்துப் பயன்படும்.

நான் அதிகம் நம்புவது வேறொரு அளவுகோல். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் ஃபெர் லாவர்ஸ் உருவாக்கியது. ஒரு வேலையில் குழந்தை எவ்வளவு ஆழ்ந்திருக்கிறது என்பதை ஐந்து படிகளில் குறிப்பது. கண் எங்கோ இருக்க, கை மட்டும் மணலைக் கிளறுவது கீழ்ப்படி. கூப்பிட்டாலும் காதில் விழாமல், நாக்கைக் கடித்துக்கொண்டு குனிந்திருப்பது மேல்படி. இது குழந்தைக்கான மதிப்பெண் இல்லை. பத்தில் ஏழு பேர் கீழ்ப்படியில் இருந்தால், நான் வைத்த பொருளிலும் இடத்திலும்தான் கோளாறு.

நியூசிலாந்தின் கற்றல் கதை என்கிறார்களே, அது என்ன?

அந்த நாடு 1996-ல் மழலையர் பாடத்திட்டம் ஒன்றை வெளியிட்டது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மார்கரெட் கார், அதற்குப் பொருத்தமான மதிப்பீட்டு முறையாகக் கற்றல் கதையை வளர்த்தார். குறையைப் பட்டியலிடாமல், குழந்தை என்ன செய்தது, அது ஏன் முக்கியம், அடுத்து எங்கே போகலாம் என்று ஒரு சின்னக் கதையாக எழுதுவது. குழந்தையை நோக்கியே எழுதலாம்: "நீ இன்று இலையைத் தூக்கி அடியில் செருகியதைப் பார்த்தேன்." வீட்டில் படித்துக் காட்டுவார்கள், குழந்தை தன் கதையைத் தானே கேட்கும். மாதத்துக்கு ஒரு குழந்தைக்கு ஒரு கதை எழுத முடிந்தால் நல்லது.

குழந்தை தன் வேலையைத் தானே மதிப்பிட முடியுமா?

முடியும். உள்ளே வந்ததும் வட்டமாக உட்கார்ந்து "இன்னைக்கு எது கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்பேன். "எது பிடிச்சுது?" என்று கேட்டால் எல்லோரும் முதலில் பேசியவர் சொன்னதையே சொல்வார்கள். கஷ்டத்தைக் கேட்டால் ஒவ்வொருவரும் தன்னுடையதைச் சொல்வார்கள். போன மாதப் படத்தைக் காட்டினால் "அப்போ எனக்குத் தெரியாது" என்று அவர்களே சொல்வதையும் கேட்டிருக்கிறேன்.

ஒதுங்கி நின்று வேடிக்கை மட்டும் பார்க்கும் குழந்தையை என்ன செய்வது?

கையைப் பிடித்து இழுத்துப்போய் நடுவில் விடாதீர்கள். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932-லேயே குழந்தைகளின் விளையாட்டை வகைப்படுத்தியபோது, பார்த்துக்கொண்டிருப்பதையும் ஒரு வகையாக வைத்தார். சேர்ந்து விளையாடுவதற்கு முன்னால் பார்ப்பார்கள், பக்கத்தில் உட்கார்ந்து தனியாக அதையே செய்வார்கள், அப்புறம் சேர்வார்கள். எதைப் பார்க்கிறது என்று கவனித்து, அதே பொருளில் இரண்டைச் சற்றுத் தள்ளி வையுங்கள்.

ஈர மண்ணைத் தொட்டாலே கூசும் குழந்தைக்கு முதலில் கரண்டி, பிறகு குச்சி, பிறகு அதுவே விரும்பினால் விரல். சக்கர நாற்காலியில் வரும் குழந்தைக்கு மணல் தொட்டியை அதன் மடி உயரத்துக்குத் தூக்கி வையுங்கள், தொட்டியின் அடியில் முழங்கால் நுழைய இடம் விட்டு. மற்றவர்களும் அங்கேயே வந்து சேர்வார்கள்.

"மிஸ், எழுத எப்போ சொல்லிக் கொடுப்பீங்க?" என்று பெற்றோர் கேட்கிறார்களே?

அந்தக் கவலை நியாயமானது. பக்கத்து வீட்டுக் குழந்தை நோட்டு நிறைய எழுதுகிறது என்றால் எந்தத் தாய்க்கும் பதைக்கும். அவர்களிடம் கோட்பாடு பேசாதீர்கள், அவர்கள் குழந்தையின் கையைக் காட்டுங்கள். எழுதுவதற்குத் தோள் நிலையாக நிற்க வேண்டும், மணிக்கட்டு திரும்ப வேண்டும், மூன்று விரல் சேர்ந்து பிடிக்க வேண்டும். கிளையில் தொங்குவது தோளுக்கு, வாளி தூக்குவது மணிக்கட்டுக்கு, மண்ணிலிருந்து விதை பொறுக்குவது விரலுக்கு. ஆறு மாதத்துக்கு முன் முஷ்டியால் குச்சி பிடித்தவன் இன்று மூன்று விரலால் பிடித்து மண்ணில் கோடு இழுக்கிறான் என்பதைத் தேதியிட்ட இரண்டு படத்தோடு காட்டினால், பெரும்பாலான பெற்றோர் அமைதியாகிவிடுவார்கள். அப்புறம் அவர்களை ஒரு நாள் வரவழைத்து, அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்து தன் குழந்தையை மட்டும் எழுதச் சொல்லுங்கள். எங்கள் கூட்டங்களில் வேறெதுவும் இந்த அளவுக்குப் பலன் தந்ததில்லை.

இடமே இல்லை. மழையும் வெயிலும் வேறு. என்ன செய்வது?

காடு தேவையில்லை. சுவரோரம் நாலடி மண், இரண்டு தொட்டிச் செடி, ஒரு வாளித் தண்ணீர் இருந்தால் தொடங்கலாம். சிமென்ட் தரையில் தண்ணீரும் தூரிகையும் கொடுங்கள், எழுதியது வெயிலில் மறைவதைப் பார்க்கட்டும். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது புது இடங்களைவிட நல்லது. நேற்று இருந்தது இன்று மாறியிருப்பதை அப்போதுதான் கவனிப்பார்கள். தூறலில் மாற்றுடை இருந்தால் போகலாம். இடி மின்னல் என்றால் உடனே உள்ளே. உச்சி வெயிலைத் தவிர்த்துக் காலையிலேயே போய்விடுங்கள், தொப்பியும் குடிநீரும் கட்டாயம்.

குறிப்பில் கவலைப்படும்படி ஏதாவது தென்பட்டால்?

ஒரு குறிப்பை வைத்து எதுவும் சொல்லிவிடாதீர்கள். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை, படியில் எப்போதும் ஒரே காலை முன்வைக்கிறாள், மூன்று வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, முன்பு பேசிய சொற்கள் குறைந்துவிட்டன, இப்படி ஏதாவது திரும்பத் திரும்பத் தெரிந்தால், தேதியோடு குறிப்புகளை அடுக்கிவைத்துப் பெற்றோரைத் தனியாகச் சந்தியுங்கள். நோயின் பெயர் எதையும் நீங்கள் சொல்லக்கூடாது, அது உங்கள் வேலை இல்லை. "இந்த நாட்களில் இதைப் பார்த்தேன், வீட்டில் எப்படி?" என்று கேளுங்கள். குழந்தை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். காது, கண் பரிசோதனையையும் விட வேண்டாம். இருந்த திறமை குறைவது தெரிந்தால் அடுத்த கூட்டம்வரை காத்திருக்காமல் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நீங்கள் எழுதிய தாள்களின் நகலையும் கொடுத்து அனுப்புங்கள். பத்து நிமிடத்தில் குழந்தையைப் பார்க்கும் மருத்துவருக்கு நீங்கள் பத்து வாரம் பார்த்தது அதில் இருக்கும்.